ஜப்தி: பொருளும் வரலாறும் தமிழ்ச் சொல்லும்

ஜப்தி (பெயர்ச்சொல்): கடனையோ இழப்பீட்டையோ தரச் சொல்லி நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும் தராதவரின் சொத்தை, அந்த நீதிமன்றத்தின் ஆணைப்படி பிடித்து வைத்தல்.

அரபியில் இறுகப் பிடித்தல், கட்டுக்குள் வைத்தல் என்று பொருள்படும் சொல் பாரசீகத்தில் 'ஸப்த்' ஆகி, உருது வழியாக நம்மிடம் 'ஜப்தி' என்று வந்து சேர்ந்தது. அக்பர் காலத்தில் நிலத்தை அளந்து வரி விதித்த முறைக்கும் இதே பெயர்தான். ஆர்க்காட்டு நவாபு ஆட்சியிலும் பிறகு கம்பெனி ஆட்சியிலும் கச்சேரிகளில், அதாவது அரசு அலுவலகங்களில், புழங்கிய வசூல், பாக்கி, தாவா, வக்கீல், ஜாமீன் எல்லாம் இதனோடு வந்த சொற்களே. ஜப்தி செய்ய வரும் நீதிமன்ற ஊழியரான 'அமீனா'வும் அப்படித்தான். அரபியில் 'அமீன்' என்றால் நம்பிக்கைக்குரியவர். இன்று அந்தப் பதவிக்குப் பெயிலிஃப் என்றும் கட்டளைப் பணியாளர் என்றும் பெயர் மாறிவிட்டது. ஆனாலும் தெருவில் "அமீனா வந்திருக்கார்" என்றுதான் சொல்கிறார்கள்.

தமிழில் இதற்கு என்ன சொல்? செய்தித்தாள்கள் 'பறிமுதல்' என்று எழுதிவிடுகின்றன. அது தவறு, கேட்பவரைக் கலங்கடிக்கும் தவறு. பறிமுதல் என்றால் பொருள் உடைமையாளரை விட்டே போய்விட்டது என்று அர்த்தம். கடத்தல் தங்கத்துக்கு அது பொருந்தும். ஜப்தியில் பொருள் இன்னும் கடனாளிக்கே சொந்தம். விற்கவோ மாற்றவோ முடியாதபடி நீதிமன்றம் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். விபத்து இழப்பீடு தராததற்காக அரசு பஸ் ஜப்தி என்று செய்தி வருகிறதே, அதை நினைத்துப் பாருங்கள். பஸ் கோர்ட் வளாகத்தில் நிற்கும்; பணத்தைக் கட்டியதும் போக்குவரத்துக் கழகமே ஓட்டிக்கொண்டு போகும். ஏலம் விட்டால்தான் உடைமை மாறும். ஆகவே சட்டத் தமிழில் வழங்கும் 'பற்றுகை' என்பதே சரியான சொல். பற்றிக்கொள்வதை மட்டும் அது சொல்கிறது, மூலச் சொல்லின் பொருளும் அதுவே.

சொல்லை இவ்வளவு துல்லியமாகப் பார்க்கக் காரணம் உண்டு. "மச்சான் வாங்கின கடனுக்கு எங்க வீட்டு ஃப்ரிட்ஜைத் தூக்கிட்டுப் போயிடுவாங்களா?" என்று பதறும் குடும்பங்கள் ஏராளம். யாரோ ஒருவர் வாசலில் நின்று "ஜப்தி" என்று உரக்கச் சொன்னாலே கைகால் நடுங்கிவிடுகிறது. பற்றுகை யார் மீது தீர்ப்பாகியிருக்கிறதோ அவருடைய சொத்தைத்தான் தொடும். அவர் தம்பியின் டிவியையோ மாமியாரின் பீரோவையோ தொடாது. வந்தவரிடம் முதலில் வாரண்டைக் கேளுங்கள். அதில் வழக்கு எண், கடனாளியின் பெயர், நீதிமன்ற முத்திரை, கையெழுத்து, எந்தத் தேதிக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது எல்லாம் இருக்கும். பெயர் உங்களுடையது இல்லை என்றால், அவர் இங்கே குடியிருக்கவில்லை, இந்தப் பொருள்கள் என்னுடையவை என்று சொல்லுங்கள். பில் இருந்தால் காட்டுங்கள், ரேஷன் கார்டையும் காட்டுங்கள். கைகலப்பு மட்டும் வேண்டாம்.

1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. அதன் 62ஆம் பிரிவின்படி, சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் குடியிருப்புக்குள் ஜப்திக்காக நுழையக் கூடாது. வெளிக்கதவை உடைப்பதென்றால், அந்த வீட்டில் கடனாளியே குடியிருந்து உள்ளே விட மறுத்திருக்க வேண்டும். கடனாளியின் வீடே ஆனாலும் எல்லாவற்றையும் அள்ள முடியாது. உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில் செய்பவரின் கருவிகள், உழவரின் மாடு, விதைநெல் ஆகியவற்றை 60ஆம் பிரிவு காக்கிறது. வழக்கப்படி பெண்கள் கழற்றக் கூடாத நகையும், அதாவது தாலியும், அந்தப் பட்டியலில் அடங்கும். அப்படியும் உங்கள் பொருளை எடுத்துப் போய்விட்டால், அதே சட்டத்தின் ஆணை 21, விதி 58இன் கீழ் அதே நீதிமன்றத்தில் உரிமைகோரி மனுப் போடலாம். ஏலத்துக்கு முன்பே போட்டுவிட வேண்டும், தாமதித்தால் மனு நிற்காது.

வங்கியோ நிதி நிறுவனமோ அனுப்பும் வசூல் ஏஜெண்ட் அமீனா அல்ல. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். சென்னைப் பக்கம் தினக்கடனுக்கு 'தண்டல்' என்கிறோம். வரி வசூலைக் குறித்துச் சோழர் கல்வெட்டுகளிலேயே வரும் பழஞ்சொல் அது. ஏஜெண்டின் வேலை தண்டுவது, பற்றுவது அல்ல. நீதிமன்ற ஆணை கையில் இல்லாமல் வீட்டுச் சாமானில் கை வைக்க அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. கடனாளியின் குடும்பத்தாரை அவமானப்படுத்துவதையும், காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ ஃபோன் செய்து பணம் கேட்பதையும் 2022இல் ரிசர்வ் வங்கி தடுத்திருக்கிறது. மீறினால் வங்கியில் எழுத்தில் புகார் கொடுங்கள், மிரட்டினால் போலீஸில் கொடுங்கள்.

"அப்பன் கடன் பிள்ளை தலையில்" என்பார்கள். இந்துச் சட்டத்தில் அது உண்மையாகவே இருந்தது. மகனின் புனிதக் கடமை என்று நீதிமன்றங்கள் ஏற்றன. 2005இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, அதன்பின் வாங்கிய கடன்களுக்கு அந்தக் கடமை நீங்கியது. இறந்த தகப்பனிடமிருந்து உங்கள் கைக்கு வந்த சொத்தின் அளவுக்கு மட்டும் அவர் கடனுக்கு நீங்கள் பொறுப்பு. உங்கள் சம்பாத்தியத்துக்கு அது வராது.

விலக்கு ஒன்று உண்டு: ஜாமீன் கையெழுத்து. உறவினர் முகத்துக்காகக் கடன் பத்திரத்தில் பிணையாளியாகக் கையெழுத்துப் போட்டிருந்தால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி கடனாளிக்கு உள்ள அதே பொறுப்பு உங்களுக்கும் உண்டு. கடன் கொடுத்தவர் உங்கள் மீதும் வழக்குத் தொடுத்துத் தீர்ப்பு வாங்கலாம். அப்போது வாரண்டில் இருக்கும் பெயர் உங்களுடையதாகவே இருக்கும், மேலே சொன்ன உரிமைகோரும் மனு உதவாது. தவணை கேட்டோ கடனை அடைக்க வழி கேட்டோ வக்கீலுடன் உடனே கோர்ட்டுக்குப் போங்கள்.