ஏற்காட்டு மூடுபனிக்கு எந்தக் கூடாரம்?

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டியும் அமைந்துள்ளன. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் நாம் ஏறிக் கடக்கும் இந்த 1,200 மீட்டர் வேறுபாடுதான், சேர்வராயன் மலையில் ஓரிரவு தங்க விரும்புபவர் எப்படிப்பட்ட கூடாரத்தை வாங்க வேண்டும் என்பதைப் பெருமளவு முடிவு செய்கிறது. சமவெளிக் காற்று மலைச்சரிவில் மோதி மேலேறும்போது, அழுத்தம் குறைவதால் விரிவடைந்து, ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறத்தாழ 1 டிகிரி குளிர்கிறது. சேலத்தில் ஒரு மாலைப்பொழுதில் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 55 விழுக்காடு என்று கொள்வோம். அந்தக் காற்று 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி நீராகத் தொடங்கும். காற்று மேலேறி விரியும்போது இந்த 20 டிகிரி வரம்பும் சற்றே கீழிறங்குவதால், இவ்விரு வெப்பநிலைகளுக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு டிகிரிக்கும் 100 மீட்டருக்குப் பதில் 125 மீட்டர் என்று பெருக்கினால் மேகத்தின் அடிமட்டம் கிடைக்கும் என்பது வானிலையியலில் புழங்கும் எளிய கணக்கு. பத்து டிகிரிக்கு 1,250 மீட்டர். அதனுடன் சேலத்தின் உயரத்தைக் கூட்டினால் 1,530 மீட்டர், அதாவது ஏறக்குறைய ஏற்காட்டின் உயரம். அடிவாரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு மலைமுடியில் அமர்ந்த மேகமாகத் தெரிவதும், மேலே இருப்பவர்களை மூடுபனியாகச் சூழ்வதும் ஒன்றே.

கூடாரம் வாங்குவோர் பெரும்பாலும் மூன்று எண்களைப் பார்க்கிறார்கள்: விலை, எடை, 'வாட்டர்ப்ரூஃப்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும் மில்லிமீட்டர் அளவு. மூன்றாவது எண் பெரிதாக இருந்தால் நனையாமல் உறங்கலாம் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் மூடுபனி இரவில் கூடாரத்துக்குள் நம்மை நனைக்கும் நீரின் பெரும்பகுதி மழையிலிருந்து வருவதில்லை. அது நம் உடலிலிருந்தே வருகிறது.

வளர்ந்த மனிதர் ஒருவர், வியர்வையைத் தவிர்த்து, மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் நாளொன்றுக்குச் சுமார் 800 மில்லிலிட்டர் நீரை ஆவியாக இழக்கிறார் என்று உடலியல் நூல்கள் கூறுகின்றன. மணிக்கு ஏறத்தாழ 30 கிராம் என்று இதைக் கொள்ளலாம். இருவர் படுக்கும் சிறிய கூடாரத்தின் உள்ளே சுமார் 2 கன மீட்டர் காற்று இருக்கும். 15 டிகிரி வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சமாக 12.8 கிராம் நீராவியைத்தான் தாங்கும் என்பதால், எல்லாத் திறப்புகளையும் மூடிவிட்டுப் படுத்தால், ஒரே ஒருவர் ஒரு மணி நேரத்துக்குள் வெளிவிடும் ஈரமே அந்தக் கூடாரத்தின் முழுக் கொள்ளளவையும் நிரப்பிவிடும். அதன் பிறகு வெளிவரும் ஒவ்வொரு கிராமும் துணியின் உட்புறத்தில் துளியாகப் படியும். காலையில் தலைமாட்டில் சொட்டும் நீரைப் பார்த்துக் கூடாரம் ஒழுகிவிட்டதாகக் கருதி, அதைவிட விலை கூடிய ஒன்றைத் தேடுபவர்கள் பலர். அந்த ஒழுக்கிற்கும் துணியின் தரத்திற்கும் தொடர்பே இல்லை.

காற்றோட்டம் இதற்குத் தீர்வா என்றால், ஏற்காட்டில் பாதித் தீர்வு மட்டுமே. வெளியே மூடுபனி நிற்கும்போது வெளிக்காற்றும் நீராவியால் நிறைந்தே இருக்கிறது. எனினும் உடல்வெப்பத்தால் உட்காற்று மூன்று டிகிரி கூடுதலாக இருக்குமானால், 18 டிகிரிக் காற்று 15.4 கிராம் வரை தாங்கும். ஆகவே வெளியேறும் ஒவ்வொரு கன மீட்டரும் இரண்டரை கிராம் நீரைச் சுமந்து செல்ல முடியும். ஒருவரின் 30 கிராமை அகற்ற மணிக்கு 12 கன மீட்டர் காற்று மாற வேண்டும், அதாவது உள்ளிருக்கும் காற்று முழுவதும் ஆறு முறை புதுப்பிக்கப்பட வேண்டும். கீழே ஒரு திறப்பும் உச்சியில் ஒரு திறப்பும் இருந்தால்தான் வெதுவெதுப்பான காற்று தானாக மேலெழுந்து வெளியேறும். பக்கவாட்டில் மட்டும் சன்னல் வைத்த கூடாரம் இந்த வேலையைச் செய்வதில்லை.

அப்படியும் வெளித்துணி குளிர்ந்துதான் இருக்கும், அதன் உட்புறம் நனையத்தான் செய்யும். நனைவதைத் தடுப்பதைவிட, நனைந்த துணி நம்மைத் தொடாமல் பார்த்துக்கொள்வதே செய்யக்கூடியது. வலைத்துணியாலான உள்கூடாரத்தின் மேல், கையகல இடைவெளி விட்டு, தரைவரை இறங்கும் மேல்விரிப்பு போர்த்தும் இரட்டைச் சுவர் அமைப்பை இம்மலைக்கு நான் உறுதியாகப் பரிந்துரைப்பதன் காரணம் இதுதான். ஒற்றைச் சுவர்க் கூடாரங்கள் சில நூறு கிராம் குறைவானவை. வறண்ட மேட்டுநிலங்களில் அவை சிறப்பாகப் பயன்படும். மூடுபனியில் விடியும்போது படுக்கை நனைந்திருக்கும். உச்சியை மட்டும் தொப்பிபோல மூடும் குட்டை மேல்விரிப்புடன் மிக மலிவாக விற்கப்படும் கூடாரங்களையும் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் சாய்ந்தடிக்கும் மழை அவற்றின் பக்கச்சுவரில் நேரடியாக விழும்.

அச்சிடப்பட்ட அந்த மில்லிமீட்டர் அளவுக்கு வருவோம். துணியின் மேல் நீர்த்தம்பத்தை நிறுத்தி, அதன் உயரத்தைப் படிப்படியாகக் கூட்டி, மறுபுறம் துளிகள் கசியத் தொடங்கும் உயரத்தைக் குறிப்பதே அந்தச் சோதனை. பெரிய மழைத்துளி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்தாலும், அதன் தாக்கம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் நீடிப்பதில்லை. சரிவாக நிற்கும் துணி சற்று நெகிழ்ந்து அதை ஏற்றுக்கொள்கிறது. எனவே மேல்விரிப்புக்கு 1,500 முதல் 2,000 மில்லிமீட்டர் போதும். தரைவிரிப்பின் கதை வேறு. 60 கிலோ எடையுள்ளவர் படுத்திருக்கும்போது அந்த எடை பரவி, சுமார் 150 மில்லிமீட்டர் நீர்த்தம்பத்துக்குச் சமமான அழுத்தத்தையே தருகிறது. அவரே ஈரத்தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, எடையில் பாதியை 50 சதுர சென்டிமீட்டர் பரப்பில் செலுத்தினால், அது 6,000 மில்லிமீட்டருக்குச் சமமாகிவிடும். பணம் செலவிடுவதானால் தரையின் எண்ணுக்குச் செலவிட வேண்டும். அல்லது தரையின் கீழே கனத்த பாலிதீன் ஷீட் ஒன்றை விரித்துக்கொள்ளலாம். அந்த ஷீட் மேல்விரிப்பின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் வழியும் மழைநீரைப் பிடித்து அடியில் சேர்த்துவிடும்.

துணியைப் பற்றிப் பேசும்போது, சேலத்துக்காரர்களுக்கு டெனியர் என்ற அளவை விளக்க வேண்டியதில்லை. இளம்பிள்ளையின் சேலைத் தறிகளில் நாள்தோறும் புழங்கும் கணக்குதான் அது. 9,000 மீட்டர் நூலின் எடை 20 கிராம் என்றால் அது 20 டெனியர். மலிவுக் கூடாரங்களில் 70 டெனியர் அளவிலான பாலியெஸ்டரும், விலை கூடியவற்றில் 20 டெனியர் நைலானும் காணப்படுகின்றன. பாவிலும் ஊடையிலும் சில மில்லிமீட்டருக்கு ஒருமுறை தடித்த இழை ஓடவிட்டுக் கட்டம் கட்டமாக நெய்யும் 'ரிப்ஸ்டாப்' முறை, ஓரிடத்தில் ஏற்பட்ட கிழிசல் அடுத்த கட்டத்துக்குப் பரவாமல் நிறுத்துகிறது. ஒரே எடைக்கு நைலான் வலிமை மிக்கது என்பது உண்மையே. ஆனால் நைலான் மூலக்கூறுகள் நீரை ஈர்ப்பவை. சாதாரண ஈரப்பதத்திலேயே அது தன் எடையில் ஏறத்தாழ 4 விழுக்காடு நீரை உறிஞ்சி, நீண்டு, தொய்ந்துவிடுகிறது. மாலையில் விறைப்பாகக் கட்டிய நைலான் விரிப்பு நள்ளிரவில் தளர்ந்து உள்வலையின் மீது சாய்வதற்கு இதுவே காரணம். பாலியெஸ்டர் அரை விழுக்காட்டுக்கும் குறைவாகவே உறிஞ்சுகிறது. வெயிலின் புற ஊதாக் கதிர்களையும் நைலானைவிட நெடுநாள் தாங்குகிறது. விலை குறைந்த துணியே இம்மலையின் ஈரத்துக்கு ஏற்றதாகவும் அமைந்திருப்பது, சிக்கனமாக வாங்க நினைப்பவர்களுக்குக் கிடைத்த நல்வாய்ப்பு என்றே சொல்வேன்.

சேமித்த பணத்தைச் செலவிட வேண்டிய இடம் கம்புகள். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கேற்ப உயர்கிறது: மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 5 கிலோ எடையளவுக்குத் தள்ளுகிறது என்றால், 72 கிலோமீட்டர் காற்று 20 கிலோ அளவுக்குத் தள்ளும். சித்திரை, வைகாசி மாதங்களின் கோடை இடிமழைக்கு முன் மேகத்திலிருந்து இறங்கும் குளிர்காற்று திடீரென இத்தகைய வேகத்தை எட்டக்கூடும். கண்ணாடியிழைக் கம்பு தன் எல்லையை மீறும்போது நீளவாக்கில் பிளந்து, கூரிய சிலாம்புகளால் மேல்விரிப்பையும் கிழித்துவிடுகிறது. அலுமினியக் கலப்புலோகக் குழாய் பெரும்பாலும் முதலில் வளையும். வளைந்த இடத்தில் ஒரு சிறு குழாய்த் துண்டைச் செருகி இரவைக் கடத்திவிடலாம். எடையும் சில நூறு கிராம் குறையும். ஊன்றுகோலுடன் நடப்பவர்கள், அதையே நடுக்கம்பாகப் பயன்படுத்தும் கூடாரத்தை வாங்கினால் கம்பின் எடையே இல்லாமல் போகும். ஆனால் அத்தகைய கூடாரம் முளைகளை நம்பியே நிற்பது. சார்னோக்கைட் பாறைமேல் மெல்லிய மண் படிந்திருக்கும் சேர்வராயன் மேட்டில் பல இடங்களில் முளை இறங்காது. கம்புகள் குறுக்காக வளைந்து தானே நிற்கும் குவிமாட வடிவமே இங்கு நம்பகமானது.

இருவர் கூடாரத்தின் எடை 2.5 கிலோ என்பதைப் பார்த்துத் தயங்க வேண்டியதில்லை. துணியை ஒருவரும் கம்புகளையும் முளைகளையும் மற்றவரும் சுமந்தால் ஆளுக்கு ஒன்றேகால் கிலோதான். எடையைவிட நீளத்தைக் கவனிக்க வேண்டும்: உள்ளளவு 210 சென்டிமீட்டருக்குக் குறைந்தால், சற்று உயரமானவரின் கால்மாடு ஈரச்சுவரில் இடிக்கும்.

எங்கே அடிப்பது என்பதும் செலவில்லாத தொழில்நுட்பமே. தெளிந்த இரவில் திறந்த வானத்தை நோக்கி வெப்பத்தைக் கதிர்வீசும் துணி, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்து, விரைவில் பனித்துவிடும். மர நிழலின் அடியில் அந்தக் கதிர்வீச்சு தடுக்கப்படுகிறது. காப்பித் தோட்டங்களின் சில்வர் ஓக் மரங்கள் நல்ல மறைப்புத் தருபவை. எனினும் அவற்றின் கிளைகள் காற்றில் எளிதில் முறிபவை என்பதால், பட்ட கிளைக்கு நேர்கீழே ஒருபோதும் படுக்கக் கூடாது. குளிர்காற்று கனமானது, இரவில் பள்ளங்களில் தேங்குவது. ஏரிக்கரையைவிடச் சற்று மேடான சரிவு வெதுவெதுப்பாக இருக்கும். தோட்டங்கள் தனியார் நிலங்கள், காடுகள் வனத்துறையின் பொறுப்பில் உள்ளவை. இரண்டிலும் முன் அனுமதி கட்டாயம்.

பெரும்பாலான மலிவுக் கூடாரங்களின் நீர்த்தடுப்பு, பாலியூரித்தேன் பூச்சால் ஆனது. ஈரத்தோடு மடித்து வைத்தால், நீர் அந்தப் பூச்சின் மூலக்கூறுப் பிணைப்புகளை மெல்ல உடைக்கிறது. வெப்பம் இந்த வினையை விரைவுபடுத்துகிறது. சேலத்துக் கோடையில் காரின் பின்பெட்டியில் சில வாரங்கள் கிடந்த ஈரக் கூடாரம் பிசுபிசுத்து, துர்நாற்றம் வீசி, பூச்சு செதில் செதிலாக உரியத் தொடங்கும். மலையிலிருந்து இறங்கிய அன்றே நிழலில் விரித்து, தையல் ஓரங்கள் உட்பட முற்றிலும் உலர்த்தி, இறுக்கிச் சுருட்டாமல் ஒரு பெரிய பருத்திப் பையில் தளர்வாக இட்டு வைத்தால், குறைந்த விலைக்கு வாங்கிய கூடாரமும் பல ஆண்டுகள் உழைக்கும்.