கலா லில்லியும் ஒரு வயதுப் பிள்ளையும்

மட்டக்களப்பு வெயில் கலா லில்லிப் பூவுக்குச் சரிவராது. கலியாணத்துக்கோ ஸ்டூடியோ வேலைக்கோ வேண்டுமென்றால் நுவரெலியாப் பக்கம் சொல்லிவைத்து, ஈரத்துணியில் சுற்றி பஸ்ஸில் வரவழைக்க வேண்டும். பத்துத் தண்டு கேட்டால் ஆறு ஏழுதான் மடல் கசங்காமல் வந்து சேரும். காசும் கொஞ்சம் அல்ல. ஆனாலும் வரவழைக்கிறேன், ஏனென்றால் 12 வருட வேலையில் இதைப்போலக் கமராவுக்கு இணங்கும் பூ வேறு எனக்குக் கிடைக்கவில்லை. (‘கல்லா லில்லி’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அப்படி எழுதினால் படிக்காத லில்லி என்றாகிவிடும். நான் கலா என்றே எழுதுகிறேன்.)

இந்தப் பூவின் மேல் பைத்தியம் பிடித்தவர்கள் நிறையப் பேர். அமெரிக்க ஓவியர் ஜோர்ஜியா ஓகீஃப் 1920களில் இதைத் திரும்பத் திரும்ப வரைந்தார். 1929இல் மிகேல் கோவருபியாஸ் அவரையே ‘லில்லி மாதா’ என்று கேலிச்சித்திரம் போடும் அளவுக்கு. மெக்சிகோவின் டியேகோ ரிவேரா வரைந்த ‘பூ நாள்’ என்ற 1925ஆம் ஆண்டு ஓவியத்தில், பூ விற்பவர் முதுகில் ஒரு பெரிய கட்டுக் கலா லில்லி இருக்கும். அங்கே அது சந்தைச் சுமை. நம் பக்கத்துக் கலியாணக் கடைகளில் அதே பூ ஒன்றொன்றாக எண்ணி விற்கப்படுகிறது.

எனக்குப் பிடித்தவர் இமோஜன் கன்னிங்ஹாம். அமெரிக்கப் புகைப்படக்காரர். வீட்டில் மூன்று சின்னப் பையன்கள். அவர்களை விட்டுவிட்டு வெளியில் போய்ப் படமெடுக்க வழியில்லை, அதனால் கண்முன்னே தோட்டத்தில் இருந்ததை எடுத்தார். 1925 அளவில் அவர் எடுத்த ‘இரண்டு கலா’ படத்தில் ஃபிரேம் நிறைய இரண்டு மடல்கள், அவ்வளவுதான். ரொபர்ட் மேப்பிள்தோர்ப் 1980களில் கறுப்புப் பின்னணியில் எடுத்த கலா லில்லிகளையும் தேடிப் பாருங்கள். இவர்கள் இருவருடைய படங்களையும் பார்த்துத்தான் நான் வெள்ளையை எடுக்கப் பழகினேன்.

வெள்ளையை எடுப்பது லேசு என்று நினைக்க வேண்டாம். கமராவுக்குத் தெரிந்ததெல்லாம் நடுச் சாம்பல், எதைக் காட்டினாலும் அந்த அளவுக்கே கொண்டுவரப் பார்க்கும். ஃபிரேம் முழுக்க வெள்ளை மடல் இருந்தால் அது பயந்து படத்தை இருட்டாக்கிவிடும், பூ பழைய வேட்டி நிறத்தில் வரும். அப்போது எக்ஸ்போஷரை, அதாவது கமரா எடுக்கும் வெளிச்சத்தை, ஒரு படி கூட்ட வேண்டும். பின்னால் கறுப்புத் துணி கட்டினால் நேர்மாறு. கறுப்பைப் பார்த்துவிட்டு கமரா வெளிச்சத்தை அள்ளிவிடும், மடலின் மேல்விளிம்பு வெந்து சுண்ணாம்புப் பட்டையாகும். அங்கே ஒன்று, சில வேளை ஒன்றரை குறைக்க வேண்டும். கறுப்புத் துணிக் கலா லில்லியை நான் கெடுத்த எண்ணிக்கை எனக்கே வெட்கம். இப்போது பிளாஷை எடுப்பதே இல்லை. காலை ஏழு மணிக்கு யன்னலை ஒரு பக்கம் திறந்து, மெல்லிய வெள்ளைத் துணி கட்டி, பூவை யன்னலுக்குப் பக்கவாட்டில் வைப்பேன். வெளிச்சம் மடலின் ஒரு புறம் ஏறி, மடியும் இடத்தில் மங்கி, உட்குழிவில் இளம்பச்சையாக இறங்கும். அந்த இளம்பச்சை படத்தில் விழுந்தால் சரி, மிச்சம் தானாக வரும். பத்து மணிக்கு மேல் நம் ஊர் வெயிலில் இது நடக்காது.

இனி, இதை எழுதவைத்த விஷயம்.

போன வருடம் ஒரு வயதுப் பிறந்தநாள் வேலை ஒன்று வந்தது. தாய் ஃபோனில் ஒரு படம் காட்டினார்: வெள்ளைச் சட்டை போட்ட குழந்தை, கையில் நீளத் தண்டோடு கலா லில்லி. எனக்கும் ஆசை. பூவைத் தண்ணீரிலிருந்து எடுத்து, தண்டின் நுனியைப் புதிதாகச் சரிவாக வெட்டி, பிள்ளையின் கையில் நானே கொடுத்தேன். லென்ஸ் மாற்றிய நேரத்துக்குள் தண்டின் வெட்டிய பக்கம் அவள் வாய்க்குள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு வீறிட்ட அழுகை, நிற்காமல் வாய்நீர், உதடு சிவந்து தடித்தது.

தாய் பதறினார், நானும்தான். அம்மம்மா மட்டும் பூவை எடுத்து வெட்டுவாயை மோந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது சேம்புச் சாதி தம்பி. மடலப் பாருங்க, தண்டப் பாருங்க. நாக்கு அரிக்கும்.”

ஓவியம், ஃபிரேம், வெளிச்சம் என்று இத்தனை வருடம் இந்தப் பூவைப் பார்த்த எனக்கு அது தெரியவில்லை. அவருக்கு ஒரு பார்வையில் தெரிந்தது. கலா லில்லி லில்லிக் குடும்பமே அல்ல. சேம்பு, கருணை, ஆந்தூரியம், மணி பிளாண்ட் எல்லாம் இருக்கும் குடும்பம். சொந்த ஊர் தென்னாபிரிக்கா. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் கலா என்ற பேரினத்தில் வைத்த செடியை 1826இல் ஸ்ப்ரெங்கல் சான்டடெஸ்கியா என்று தனியாகப் பிரித்தார், ஆனாலும் பழைய பெயரே நிலைத்துவிட்டது. நாம் இதழ் என்று நினைக்கும் வெள்ளையும் இதழல்ல, பூவை மூடி வரும் மடல். கோயில் சடங்குக்கு வைக்கும் கமுகம்பாளையைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம். உண்மைப் பூக்கள் நடுவில் நிற்கும் மஞ்சள் திரியில் பொடிப்பொடியாக ஒட்டியிருக்கின்றன.

செடி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ஊசி மாதிரிப் படிகங்கள், கல்சியம் ஒக்சலேட். கடித்தவுடன் அந்த ஊசிகள் வாய்த்தோலில் குத்தும். எரிவு, வீக்கம், வாய்நீர், விழுங்கக் கஷ்டம். சேம்பைப் புளி விட்டு அவிக்கிற வீட்டில் வளர்ந்த நாம் இதை மறந்தது விசித்திரம்தான்.

அன்று செய்தது: வாயில் இருந்த துண்டை விரலால் வழித்தெடுத்தோம். ஈரத்துணியால் நாக்கையும் ஈறையும் துடைத்தோம். குளிர்ந்த பால் கொஞ்சம் கொடுத்தோம். பால் மருந்து அல்ல, எரிவை ஆற்றும், அவ்வளவே. பக்கத்தில் நின்ற ஒருவர் விரலை விட்டு வாந்தி எடுக்கவைக்கச் சொன்னார். அதைச் செய்யவே கூடாது, போன வழியே திரும்பி வந்து தொண்டையை இன்னொரு தரம் புண்ணாக்கும். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் தொண்டையைப் பார்த்து, சில மணி நேரம் வைத்திருந்து அனுப்பினார். பின்னேரம் பிள்ளை சோறு சாப்பிட்டாள். பெரும்பாலும் இப்படித்தான் முடியும். ஆனால் நாக்கு வீங்கினாலோ, மூச்சில் சத்தம் வந்தாலோ, எச்சில்கூட விழுங்க முடியாமல் போனாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அழையுங்கள். சாறு கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு டொக்டரிடம் காட்டுங்கள்.

நம் தொழிலில் இருப்பவர்களுக்கும் மணவறை சோடிக்கும் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. கட்டுக் கட்டாக வெட்டும் நாளில் கையுறை போடுங்கள், சாறு பட்ட கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள். மிச்சத் தண்டுகளை மண்டப வாசலில் ஆடு மாடு மேயும் இடத்தில் கொட்டாதீர்கள், அவற்றுக்கும் வாய் எரியும். வீட்டில் பூனை இருந்தால் இன்னொரு சங்கதி. பொக்கேயில் சேர்ந்து வரும் உண்மையான லில்லி பூனையின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும், மகரந்தத்தை நக்கினாலே போதும். அது கலா லில்லியைவிடப் பெரிய ஆபத்து.

மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கையில் இப்போது நான் கலா லில்லி கொடுப்பதில்லை. வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் பெற்றோருக்குத் துணியில் செய்த ஒன்றை வைத்திருக்கிறேன். யன்னல் வெளிச்சத்தில் அது அவ்வளவு மோசமில்லை. ஆனால் அந்த இளம்பச்சை வராது.

அதே பிள்ளை இரண்டாவது பிறந்தநாளுக்கும் வந்தாள். அம்மம்மா இந்த முறை கையோடு ஒரு தாமரை கொண்டுவந்திருந்தார், நன்றாகக் கழுவி, காம்பை ஒட்ட நறுக்கி. பாயில் உட்காரவைத்துக் கொடுத்தோம். அவள் என்னையே பார்த்துக்கொண்டு ஓர் இதழைப் பிய்த்து வாயில் வைத்தாள். அம்மம்மாவைப் பார்த்தேன், தலையாட்டினார். நான் எடுத்துக்கொண்டே இருந்தேன்.