என்கிரேவிங்: இசைக்குறிப் பொறிப்பு

இசைக்குறிப்பு எழுத உதவும் டோரிக்கோ மென்பொருளில் சுரங்களை உள்ளிடும் பகுதிக்கு ‘ரைட்’ என்று பெயர். பக்கத்தை ஒழுங்குபடுத்தும் பகுதிக்கு ‘என்கிரேவ்’, அதாவது ‘செதுக்கு’, என்று பெயர். எழுதுவது சரி, திரையில் எதைச் செதுக்குகிறோம்?

என்கிரேவ் என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் இருப்பது ‘கிராஃபன்’ என்ற பழைய ஆங்கில வினை. தோண்டுதல், வெட்டுதல் என்று பொருள். கல்லறையைக் குறிக்கும் ‘கிரேவ்’ அதே குடும்பத்துச் சொல்தான்.

இசை அச்சில் இது வெறும் உவமை இல்லை. வெள்ளீயமும் ஈயமும் கலந்த தகட்டில் நிஜமாகவே வெட்டினார்கள். ஐந்து முனை கொண்ட கருவியால் ஸ்டாஃபின், அதாவது சுரங்கள் அமரும் கோட்டுத்தொகுதியின், ஐந்து கோடுகளையும் ஒரே இழுப்பில் கீறுவார்கள். நோட்டின் தலை, கிளெஃப் (ஸ்டாஃபின் தொடக்கத்தில் சுர நிலையைக் காட்டும் குறி) போன்றவற்றை எஃகு அச்சு வைத்துச் சுத்தியலால் அடித்துப் பதிப்பார்கள். சுரங்களைச் சேர்த்துக் காட்டும் ஸ்லர் வளைவுகளைக் கூரிய உளியால் வெட்டுவார்கள். எல்லாமே இடவலம் மாறி, கண்ணாடியில் தெரிவதுபோல. ஓரிடம் தவறினால் தகட்டின் பின்பக்கம் அதே புள்ளியை அளந்து கண்டுபிடித்து, தட்டி மேடாக்கி, சமப்படுத்தி, மறுபடி வெட்டவேண்டும். அதனாலேயே உளியை எடுக்கும் முன்பு எந்த வரியில் எத்தனை பார் (தாளக் கட்டம்), எந்தப் பக்கத்தில் எத்தனை சிஸ்டம் (சேர்ந்து வாசிக்கும் ஸ்டாஃப்களின் அடுக்கு) என்று கணக்கை முடித்துவிடுவார்கள். அந்தக் கணக்குக்குக் ‘காஸ்டிங் ஆஃப்’ என்று பெயர்.

பல கருவிகளின் இசையும் சேர்ந்த பெரிய ஸ்கோர் ஒன்று திரையில் குழம்பி நிற்கும்போது, முதலில் கணக்கு, பிறகு வெட்டு என்ற இந்த வரிசையைத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். ஸ்டாஃப்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் நம் கை முதலில் மவுஸுக்குப் போகிறது. இடிக்கும் குறிகளை ஒவ்வொன்றாக இழுக்கிறோம். நோய் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. ஏ4 தாளின் உயரம் 297 மி.மீ. மேலும் கீழும் 15 மி.மீ. விட்டால் மிச்சம் 267. உயரம் 7 மி.மீ. உள்ள ஸ்டாஃப் 30 வைத்தால் கோடுகளே 210 மி.மீ. தின்றுவிடும், 29 இடைவெளிகளுக்கும் தலா 2 மி.மீ.கூடத் தேறாது. அதையே 4 மி.மீ. ஆக்கினால் இடைவெளி 5 மி.மீ.யைத் தொடும். 2009-இல் வந்த சிபேலியஸ் 6 என்ற இசைக்குறி மென்பொருளின் ‘மேக்னெட்டிக் லேஅவுட்’ போன்ற வசதிகள் குறிகளைத் தானாக விலக்கிவிடும், உண்மைதான். ஆனால் விலக இடம் வேண்டுமே!

ஆகவே முதலில் தாளும் ஸ்டாஃப் அளவும். அப்புறம் அந்த சிஸ்டத்தில் வாசிக்காத கருவிகளின் வெற்று ஸ்டாஃப்களை மறைப்பது. பிறகு வரி முறிவுகள், அதன்பின் ஸ்டாஃப் இடைவெளி. கையால் நகர்த்துவது எல்லாவற்றுக்கும் கடைசி. முன்பே நகர்த்திய ஸ்லர், வரி முறிவு மாறியதும் இரண்டாக உடைந்து, பழைய திருத்தத்தையும் சுமந்துகொண்டு எங்கோ போய் நிற்கும். பாடல் வரிகள் இருந்தால் அங்கேயும் பாருங்கள். ‘கொ’, ‘ணை’ போன்ற அகன்ற எழுத்துகள் குறுகிய சுரத்தின்கீழ் வந்தால் பார் முழுவதும் விரியும். எழுத்தளவைக் கொஞ்சம் குறைத்தாலோ, ஒரு பாரை அடுத்த வரிக்குத் தள்ளினாலோ சரியாகிவிடும்.

தமிழில் என்கிரேவிங்கை எப்படிச் சொல்வது? ‘வடிவமைப்பு’ எதற்கும் பொருந்துகிற பொதுச்சொல். ‘அச்சுக்கோப்பு’ தனித்தனி அச்செழுத்துகளைச் சேர்க்கும் வேறு தொழில். 1501-இல் வெனிஸில் பெத்ரூச்சி என்ற அச்சகர் இசையை அச்சிட்டது அந்த வழியில்தான். ‘செதுக்கல்’ என்றால் சிலை நினைவுக்கு வருகிறது. எனக்குப் பொருத்தமாகப் படுவது ‘பொறிப்பு’. சேரன் இமயத்தில் வில்லைப் பொறித்தான் என்று படித்திருக்கிறோம். அழியாமல் பதிப்பதற்கு நம் பழைய வினை அது. ‘பொறி’ என்றால் இயந்திரமும்கூட. உளியால் தொடங்கி கணினிக்கு வந்துவிட்ட ஒரு தொழிலுக்கு இதைவிட நெருக்கமான சொல் எனக்குத் தெரியவில்லை.

இசைக்குறிப் பொறிப்பு, பொறிப்பாளர், பொறிப்பு மென்பொருள் என்று இயல்பாகக் கிளைக்கிறது. காஸ்டிங் ஆஃப் என்பதை ‘வரிப் பங்கீடு’ எனலாம். “வரிப் பங்கீடு முடியாமல் ஸ்லரைத் தொடாதே” என்று ஒரு பொறிப்பாளர் தன் மாணவரிடம் சொன்னால், விளக்கமே தேவைப்படாது.