டீம் மாறும் ரைடர்கள்: சம்பளத்துக்கு முன்னால் படிக்க வேண்டிய பக்கம்

பைக் பந்தயத்தின் உச்சப் பிரிவான மோட்டோஜிபியின் உலக சாம்பியன் ஒருவர், புது டீமுக்காக ஞாயிற்றுக்கிழமை ரேஸ் ஒன்றைக்கூட முடிக்காத நிலையில், "நான் கிளம்புகிறேன்" என்று சொன்ன கதை 2025-இல் நடந்தது. ஹோர்ஹே மார்ட்டின் 2024 பட்டத்தை, ப்ராமாக் என்ற தனியார் டீமின் டுகாட்டியில் ஓட்டி வென்றார். டுகாட்டி கம்பெனியே நேரடியாக நடத்தும் ஃபேக்டரி டீமில் இடம் கிடைக்கும் என்று காத்திருந்தவரைத் தாண்டி, கம்பெனி மார்க் மார்க்கெஸை எடுத்துக்கொண்டது. மார்ட்டின் உடனே ஏப்ரிலியாவோடு கையெழுத்துப் போட்டார். பிறகு பிப்ரவரியில், மலேசியாவின் செபாங்கில் நடந்த டெஸ்டில், அதாவது சோதனை ஓட்டத்தில், விழுந்தார். சீசன் தொடங்கும் முன்பே பயிற்சியில் மறுபடி விழுந்து எலும்பு முறிந்தது. முதல் மூன்று ரேஸ்கள் போயின. ஏப்ரலில் கத்தாரில் திரும்பி வந்தவர் மறுபடி விழுந்தார், விலா எலும்புகள் வரிசையாக முறிந்தன, நுரையீரலும் பாதிக்கப்பட்டது.

அதற்குப் பிறகுதான் வெளியேறும் பேச்சு. ஒப்பந்தம் 2026 கடைசி வரை. ஆனால் முதல் ஆறு ரேஸ்களுக்குப் பிறகு நிலைமை சரியில்லை என்றால் 2025 முடிவிலேயே விலகலாம் என்று ஒரு ஷரத்து இருந்ததாக ஊடகங்களில் வந்தது. அவர் தரப்பு அந்த ஷரத்தைப் பயன்படுத்தப் பார்த்தது. ஒப்பந்தம் 2026 வரை செல்லும் என்று ஏப்ரிலியா நின்றது. தகராறு தீராமல் வேறு டீமில் அவரைப் பதிவு செய்ய மாட்டோம் என்கிற தொனியில் போட்டி அமைப்பாளர் டோர்னாவும் பேசியது. ஜூலையில் செக் நாட்டு ப்ர்னோ ரேஸுக்கு வந்து, "2026-லும் ஏப்ரிலியாதான்" என்று மார்ட்டின் அறிவித்தார். விவகாரம் அதோடு அடங்கியது.

நான் வழக்கறிஞர். ஒப்பந்தங்களைப் படித்துத் திருத்துவதுதான் அன்றாட வேலை. இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை கரி ட்ராக்கிலும் ஓட்டும் பிள்ளைகளின் பெற்றோர் சிலரும் காகிதங்களோடு வருகிறார்கள். அதனால் மார்ட்டின் செய்தியைப் படித்தபோது யார் பக்கம் நியாயம் என்பதில் என் மனம் போகவில்லை. "முதல் ஆறு ரேஸ்" என்று எழுதினால் அது எதைக் குறிக்கும்? காலண்டரில் வரும் முதல் ஆறா, அந்த ரைடர் உண்மையில் ஓட்டிய முதல் ஆறா? ஆஸ்பத்திரியில் கிடந்த வாரங்கள் கணக்கில் வருமா? தேதி தள்ளிப்போகுமா? அவருடைய ஒப்பந்தத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் என் மேஜைக்கு வரும் ஒப்பந்தங்களில் "காயத்தால் ஓட்ட முடியாத ரேஸ்கள் இந்த எண்ணிக்கையில் சேராது; கடைசித் தேதியும் அதற்கேற்ப நகரும்" என்று ஒரு வரியை நானே சேர்த்துவிடுவேன். எதிர்த்தரப்பு அடித்துவிட்டால், ஏன் அடித்தார்கள் என்றாவது தெரியும்.

பெற்றோர் முதலில் கேட்பது சம்பளம், இல்லையென்றால் நாம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது. நான் முதலில் திருப்புவது ஒப்பந்தம் முடியும் விதத்தைச் சொல்லும் பக்கத்தை. பைக் பந்தயத்தில் இது ரொம்பவே முக்கியம். மோட்டோஜிபியில் மொத்தமே 22 இடம். நடு சீசனில் ஒரு இடம் காலியானால் அடுத்த சில நாட்களில் நிரம்பிவிடும். வெளியே வந்துவிட்டு நிதானமாகத் தேடலாம் என்பதெல்லாம் இங்கே கிடையாது.

ஜொஹான் ஸார்கோ அதைத்தான் செய்தார். 2019-இல் கேடிஎம்மில் இரண்டு வருட ஒப்பந்தத்தின் முதல் வருடம். பைக் அவருக்குக் கொஞ்சமும் ஒத்துவரவில்லை. ஆகஸ்டில், கேடிஎம்மின் சொந்த ஊரான ஆஸ்திரியாவில், வருடக் கடைசியில் விலகுகிறேன் என்றார். கையில் வேறு டீம் இல்லை. செப்டம்பரில் இத்தாலியின் மிசானோ ரேஸ் முடிந்ததும் மீதி சீசனுக்கும் வர வேண்டாம் என்று கேடிஎம் சொல்லிவிட்டது. காயமடைந்த ரைடர் நாகாகாமிக்குப் பதிலாக எல்சிஆர் என்ற தனியார் டீமின் ஹோண்டாவில் கடைசி மூன்று ரேஸ் ஓட்டினார், அடுத்த வருடம் அவின்டியா டீமின் பழைய டுகாட்டி. கதை நல்லபடியாக முடிந்தது என்பது உண்மைதான்: 2023-இல் ஆஸ்திரேலியாவின் பிலிப் ஐலண்டில் மோட்டோஜிபியில் முதல் வெற்றி, 2025-இல் சொந்த நாட்டில், லெ மான் மழையில் இன்னொன்று. ஆனால் அந்த இடைவெளியைத் தாங்க ஸார்கோவுக்கு மோட்டோஜிபிக்கு அடுத்த கீழ்ப்படியான மோட்டோ2-வில் இரண்டு உலகப் பட்டங்கள் கையிருப்பாக இருந்தன. தேசிய அளவில் ஓட்டும் பையனிடம் அது கிடையாது.

2021-இல் மாவெரிக் வின்யாலெஸ் விஷயம் வேறு மாதிரி. யமஹாவில் சீசனின் முதல் ரேஸை வென்றவர், ஜூனில் ஜெர்மனியில் கடைசியாக வந்தார், அடுத்த வாரம் ஆசனில் இரண்டாவதாக வந்தார், உடனே வருடக் கடைசியில் பிரிவதாக அறிவிப்பு. இரு தரப்பும் ஒத்துக்கொண்ட பிரிவு, அதுவரை சுமுகம்தான். ஆகஸ்டில் ஸ்டிரியா ரேஸில் அவர் பைக்கை ஓட்டிய விதம் விளக்க முடியாத வகையில் முறையற்றதாக இருந்தது என்று யமஹா சொல்லி அடுத்த ரேஸுக்குத் தடை போட்டது. பைக்கின் சென்சார்கள் பதியும் டெலிமெட்ரி அவர்களிடம் இருக்கிறதே; இன்ஜின் எத்தனை சுற்றில் அலறியது என்பதெல்லாம் பதிவில் நிற்கும். ஆகஸ்ட் முடிவதற்குள் உறவு முறிந்தது. செப்டம்பரில் அரகானில் ஏப்ரிலியாவில் இருந்தார். பிரிவது முடிவான பிறகும் ஒப்பந்தம் உயிரோடுதான் இருக்கும். அந்தக் கடைசி மாதங்களில் பைக்கை எப்படி நடத்துகிறோம், மைக் முன்னால் என்ன பேசுகிறோம் என்பது நல்லபடியாக முடிந்திருக்க வேண்டிய பிரிவை ஒழுங்குமீறல் வழக்காக மாற்றிவிடும்.

ஒழுங்குமீறல் என்றால் ரொமானோ ஃபெனாட்டியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2018 மிசானோ மோட்டோ2 ரேஸில், ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து ரைடரின் பிரேக் லீவரைப் பிடித்து இழுத்தார். அப்போதைய டீம் நீக்கியது. அடுத்த வருடத்துக்கு எடுத்திருந்த எம்வி அகுஸ்டாவும் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. இன்னும் தொடங்காத ஒப்பந்தமும் போய்விட்டது, கவனியுங்கள்.

அப்புறம் தேதி. டீம் மாறுகிறவருக்குப் பணத்தைவிடப் பெரிய சொத்து புது பைக்கில் ஏறும் முதல் நாள். 2003 நவம்பரில் வாலென்சியாவில் ஹோண்டாவுக்காக வாலன்டினோ ரோஸி கடைசி ரேஸை வென்றார். ஒப்பந்தம் டிசம்பர் 31 வரை. ஹோண்டா ஒரு நாள்கூட விட்டுக்கொடுக்கவில்லை. ஜனவரியில் செபாங்கில்தான் புது டீமான யமஹாவின் பைக்கில் உட்கார முடிந்தது. அப்படியும் 2004 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவின் வெல்கமில் முதல் ரேஸையே ஜெயித்தார். ரோஸி விஷயத்தில் என்னிடம் நடுநிலை எதிர்பார்க்காதீர்கள், ஆனால் அதில் பாதிப் பெருமை ஜெரமி பர்ஜெஸுக்குப் போக வேண்டும். க்ரூ சீஃப், அதாவது ரைடரின் மெக்கானிக் குழுவுக்குத் தலைவரான பர்ஜெஸும் மெக்கானிக்குகளில் பெரும்பாலானோரும் ரோஸியோடு ஹோண்டாவிலிருந்து யமஹாவுக்கு வந்தார்கள். 'முன்பக்கம் லேசாக நழுவுகிறது' என்று ரைடர் சொன்னால் எந்த ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும் என்று தெரிந்த ஆட்கள்.

இருபது வருடம் கழித்து மார்க் மார்க்கெஸ் ஹோண்டாவை விட்டபோது நிலைமை தலைகீழ். 2020-இல் போட்ட நான்கு வருட ஒப்பந்தத்தில் ஒரு வருடம் பாக்கி. 2020 ஜெரெஸில் கை முறிந்து, அறுவை சிகிச்சை மேல் அறுவை சிகிச்சையாக அவர் தவித்த காலம் முழுக்க அந்த நீண்ட ஒப்பந்தம்தான் அவரைக் காப்பாற்றியது. 2023 அக்டோபரில் இரு தரப்பும் பேசி முடித்துக்கொண்டார்கள். கிரெசினி என்ற தனியார் டீமின் முந்தைய வருட டுகாட்டிக்குப் போனார், பெரிய சம்பளத்தை விட்டுவிட்டு. கூடவே போக முடிந்தது ஒரே ஒரு மெக்கானிக், ஹாவி ஓர்ட்டிஸ். நீண்ட கால க்ரூ சீஃப் சான்டி எர்னாண்டெஸ் ஹோண்டாவிலேயே இருந்துவிட்டார். நவம்பர் டெஸ்டுக்கு மட்டும் ஹோண்டா அனுமதி தந்தது, ஸ்பான்சர் பெயர் இல்லாத பைக், பத்திரிகையாளர்களிடம் பேச்சில்லை. 2024-இல் மூன்று ரேஸ் வென்றார், 2025-இல் டுகாட்டி ஃபேக்டரி டீமில் உலகப் பட்டம்.

என்னிடம் வரும் ஒப்பந்தங்களில் இந்த டெஸ்ட் அனுமதி பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை. 'கடைசி ரேஸ் முடிந்த மறுநாளிலிருந்து, விளம்பரம் எதுவும் இல்லாமல், வேறு டீமின் பைக்கைச் சோதித்துப் பார்க்கலாம்' என்று கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கேட்பவர்தான் இல்லை.

சரி, ஒரு ஒப்பந்தத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். பதினேழு வயதுப் பையனுக்காக அவன் அப்பா கொண்டுவந்தது. டீம் பெயர் வேண்டாம். ஷரத்தின் சாரம் இது: "ரைடரின் செயல்பாடு திருப்தியாக இல்லை என்று டீம் கருதினால், காரணம் கூறாமல், ஒரு மின்னஞ்சல் மூலம் எந்நேரமும் ஒப்பந்தத்தை முடிக்கலாம். ரைடர் தானாக விலகினால், அதுவரை டீம் செய்த செலவு முழுவதையும், டீம் கணக்கிட்டுச் சொல்லும் தொகையாக, முப்பது நாளில் திருப்பித் தர வேண்டும். விலகிய பின் இரண்டு சீசன்கள் வேறு எந்த டீமுக்கும் ஓட்டக்கூடாது."

"சார், எல்லாருக்கும் இதே ஃபார்மட்தான்னு சொன்னாங்க" என்றார் அப்பா.

"எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டாங்களா சார்?"

"போட்டிருப்பாங்கன்னுதான் நினைக்கிறேன்."

மூன்று வாக்கியம், மூன்று தனித்தனி சிக்கல். முதலாவதில் திருப்தி என்பதை அளக்க எந்த அளவுகோலும் இல்லை. தகுதிச் சுற்றில் எத்தனையாவது இடம், சக ரைடரோடு எவ்வளவு நேர வித்தியாசம், எந்தத் தேதியில் பார்ப்பது என்று எண்களில் எழுத வைத்தோம். காயம் ஆறும் காலத்துக்கு விலக்கு. இரண்டாவதில் தொகை டீமின் வாயில் இருக்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவின்படி, எழுதிவைத்த தொகைதான் உச்சவரம்பு. அதற்குள் நியாயமான நஷ்டஈட்டைத்தான் நீதிமன்றம் தரும். தொகையே எழுதாமல் 'நாங்கள் சொல்வதே கணக்கு' என்றால் வாதாட இடம் நிறைய உண்டு, ஆனால் வாதாடி முடிக்கும்போது பையனுக்கு எத்தனை வயதாகியிருக்கும்? மூன்றாவது ஷரத்து நிற்காது. தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்கிறது 27-வது பிரிவு. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது வேறு டீமுக்கு ஓட்டாதே என்பது வேறு, முடிந்த பிறகும் கட்டிப்போடுவது வேறு. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் 'முதலில் எங்களிடம்தான் வர வேண்டும்' என்று அவருடைய பழைய ஏஜென்சி கேட்டது, கோர்ட் மறுத்தது.

இன்னொரு விஷயம், பையனுக்குப் பதினேழு. மைனர் போடும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903-இலேயே, பிரிட்டிஷ் ஆட்சிக்கால மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. இதைக் கேட்டதும் சில பெற்றோருக்கு முகம் மலரும். அவசரப்படாதீர்கள். கடைசிப் பக்கத்தில் அப்பா தனியாக, தன் பெயரில், பணத்துக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடும் இடம் ஒன்று இருக்கும். பையன் தப்பிப்பான், டீம் அப்பா மேல் பாயும். அதோடு செல்லாத ஒப்பந்தம் இரண்டு பக்கமும் செல்லாதது. டீம் தருவதாகச் சொன்ன பைக்கையும் டயரையும் கேட்டு வாங்கும் உரிமையும் மங்கிவிடும்.

யாரோடு ஒப்பந்தம் என்பதையும் பாருங்கள். கம்பெனியோடா, டீமோடா? கம்பெனியோடு என்றால் பெரும்பாலும் 'எங்கள் டீம்களில் எதில் வேண்டுமானாலும் ஓட்டவைப்போம்' என்று ஒரு ஷரத்து வரும். 2020-இல் அலெக்ஸ் மார்க்கெஸ் ஹோண்டாவின் ஃபேக்டரி டீமான ரெப்ஸால் ஹோண்டாவுக்கு வந்தார். கொரோனாவால் சீசன் தள்ளிப்போக, மோட்டோஜிபியில் ஒரு ரேஸ்கூட ஓட்டுவதற்கு முன்பே, அடுத்த வருடம் அந்த இடம் போல் எஸ்பர்காரோவுக்கு, நீ எல்சிஆருக்கு என்று ஜூலையில் அறிவித்துவிட்டார்கள். கம்பெனியே கடையைக் கட்டுவதும் உண்டு. 2020-இல் ஹோவன் மிர் மூலம் உலகப் பட்டம் வென்ற சுஸுகி, டோர்னாவோடு 2026 வரை ஒப்பந்தம் இருந்தும் 2022-ஓடு கிளம்பியது. மிரும் அலெக்ஸ் ரின்ஸும் சீசன் நடுவில் வேலை தேட வேண்டியதாயிற்று. இருவருக்கும் ஹோண்டாவில் இடம் கிடைத்தது. போகிற போக்கில் ரின்ஸ் வாலென்சியாவில் கடைசி ரேஸை சுஸுகிக்கு வென்று கொடுத்தது தனி அழகு.

பொறுமையைப் பற்றி ஒப்பந்தத்தில் எழுத முடியாது, ஆனால் காலக்கெடுவை எழுதலாம். ஹோர்ஹே லொரென்ஸோ 2017-இல் டுகாட்டிக்குப் போனார், ஆண்டுக்குச் சுமார் 1.2 கோடி யூரோ என்று பேசப்பட்டது. முதல் வருடம் வெற்றியே இல்லை. பிரேக் பிடிக்கும்போது உடம்பைத் தாங்கிக்கொள்ள பெட்ரோல் டேங்கின் வடிவத்தை மாற்றித் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அது 2018-இல் இத்தாலியின் முகெல்லோ ரேஸில் வந்தது, அந்த ரேஸையே வென்றார். அதற்குள் டுகாட்டியை விட்டுப் போவது முடிவாகிவிட்டது. ரேஸ் முடிந்த சில நாட்களில் ஹோண்டா அவர் பெயரை அறிவித்தது. ஹோண்டாவில் ஒரே வருடம், காயங்கள், இன்னும் ஒரு வருட ஒப்பந்தம் பாக்கி இருக்கும்போதே ஓய்வு. ரைடர் கேட்கும் பாகம் இத்தனை வாரத்தில் வரும், இத்தனை முறை சோதிக்கப்படும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்வது நம் ஊர் டீம்களுக்குப் புதுசாக இருக்கும். சஸ்பென்ஷன் சர்வீஸ் எப்போது, ரேஸ் வாரத்துக்கு எத்தனை செட் டயர், இன்ஜின் எத்தனை ரேஸுக்கு ஒருமுறை திறக்கப்படும் என்கிற அளவிலாவது எழுத வைக்கலாம். காசு கட்டி ஓட்டும் பையன்களுக்கு இது கட்டாயம். தவணை தாமதமானால் பைக்கைப் பிடுங்கலாம் என்று எழுதுகிறவர்கள், டயர் தாமதமானால் தவணையை நிறுத்தலாம் என்றும் எழுதட்டுமே.

மோட்டோஜிபியில் பெரும்பாலான முன்னணி ரைடர்களின் ஒப்பந்தங்கள் 2026-ஓடு முடியும்படி அமைந்ததற்குக் காரணம் உண்டு. 2027-இல் இன்ஜின் 1000 சிசியிலிருந்து 850-க்கு இறங்குகிறது, பைக்கைத் தாழ்த்தும் கருவிகளுக்குத் தடை, மிஷெலினுக்குப் பதில் பிரெல்லி டயர். எந்த பைக் வேகமானது என்று யாருக்கும் தெரியாமலே கையெழுத்துப் போட வேண்டிய வருடம்.

வெளிநாட்டு டீமிலிருந்து அழைப்பு வந்தால் இன்னும் ஒரு ஷரத்து: தகராறு வந்தால் எந்த நாட்டுச் சட்டம், எந்த ஊரில் மத்தியஸ்தம். மேலே சொன்ன 27, 74 எல்லாம் அங்கே செல்லும் என்று நினைக்க வேண்டாம். ஒப்பந்தத்தை அனுப்பும்போது பெற்றோர் அந்தக் கடைசி இரண்டு பக்கங்களை மட்டும் ஸ்கேன் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அதையும் சேர்த்து அனுப்புங்கள், மேனேஜரோடு தனியாகக் கையெழுத்தான கமிஷன் காகிதம் இருந்தால் அதையும்.