உள் நூல் அன்று, உள்மரை

‘கடைசல் இயந்திரத்தில் நுண்ணிய உள் நூல்களை வெட்டும் கருவியைத் தேர்ந்தெடுத்தல்’ என்ற தலைப்பு, கருவிப் பட்டியல்களின் தமிழாக்கங்களில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. லேத்தில், அதாவது அந்தக் கடைசல் இயந்திரத்தில், ஒரு நாளாவது நின்றவருக்கு இத்தொடர் விளங்காது. விளங்கும் அளவுக்குத் தமிழ் மட்டும் தெரிந்தவரோ, பஞ்சாலைக்கான ஏதோ கத்தரிக்கோல் என்று நினைத்துக்கொள்வார். பஞ்சாலையும் லேத் பட்டறையும் ஒரே தெருவில் இருக்கும் கோயம்புத்தூரில் இந்தக் குழப்பம் வெறும் வேடிக்கையாக நின்றுவிடாது.

திருகாணியின் உடலிலோ துளையின் உட்சுவரிலோ சுற்றிச் சுற்றி ஏறும் வரிப்பள்ளத்திற்குத் தமிழில் ‘மரை’ என்று பெயர். துளைக்குள் இருந்தால் உள்மரை, தண்டின்மேல் இருந்தால் வெளிமரை. புத்தி பேதலித்தவனை ‘மரை கழன்றவன்’ என்று ஊரே சொல்லும் அளவுக்குப் புழங்கிய சொல் இது. அதை ‘மறை’ என்று எழுதுவோரும் உண்டு. வேதத்திற்கு இங்கே வேலையில்லை. மரையின் ஒரு சுற்று ‘புரி’. புரிதல் என்றால் முறுக்குதல். வலம்புரிச் சங்கிலும் முப்புரி நூலிலும் இருப்பது அதுவே. அடுத்தடுத்த இரு புரிகளுக்கு இடையிலுள்ள தொலைவைப் பள்ளி இயற்பியல் நூல்கள் திருகு அளவிப் பாடத்தில் ‘புரியிடைத் தூரம்’ என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்து வருகின்றன.

இவ்வளவும் இருக்க, ‘நூல்’ எதற்கு? ஆங்கிலத்தில் ‘திரெட்’ என்னும் ஒரே சொல் தையல் நூலையும் மரையையும் குறிப்பதால், தமிழிலும் ஒரே சொல் இரண்டையும் தாங்கட்டும் என்கிறார்கள் இதை ஆதரிப்பவர்கள். ‘திரெட்’ என்பதன் வேர்ப்பொருளே முறுக்குதல்தான். அந்த முறுக்கு ஆங்கிலத்தில் இரண்டு பொருள்களுக்கும் போய்ச் சேர்ந்தது. நம்மிடம் அதே முறுக்கைக் குறிக்கும் ‘புரி’ தனியே இருக்கும்போது, அதை விட்டுவிட்டுப் பஞ்சு நூலைப் பிடித்துக்கொள்வது மொழிபெயர்ப்பும் ஆகாது, சொல்லாக்கமும் ஆகாது. இதைவிடப் பெரிய இடைஞ்சல் வேறொன்று உண்டு: பட்டறையில் ‘நூல்’ ஏற்கெனவே ஓர் அளவின் பெயர். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கே ஒரு நூல். ‘மூணு நூல் போல்ட் எடு’ என்றால் எட்டில் மூன்று அங்குலப் போல்ட்டை எடுத்துக் கொடுப்பார்கள். ஒரே தண்டில் இரண்டு மரைகள் இணையாக ஓடும் இருதொடக்க மரையை ‘இரட்டை நூல்’ என்று எழுதிவைத்தால், வாசிப்பவர் கால் அங்குலத் துளை போட்டுவிட்டுக் காத்திருப்பார். தனித்தமிழ் பேசுவோர், ‘திரெட்’ திரிந்து வந்த ‘திரட்டு’ என்னும் பட்டறை வழக்கைக் கடிந்துகொள்கிறார்கள். என் கணக்கில், கலப்பில்லாத ‘உள் நூல்’ செய்யும் கெடுதலில் பாதியைக்கூட அந்தக் கலப்புச் சொல் செய்வதில்லை, ஏனென்றால் அதைக் கேட்டவர் சரியான வேலையைச் செய்துவிடுகிறார்.

அடுத்தது ‘நுண்ணிய’. இங்கே பேச்சு மரையின் நேர்த்தியைப் பற்றியதும் அன்று, அதன் சிறுமையைப் பற்றியதும் அன்று. விட்டத்தை நோக்கப் புரியிடைத் தூரம் எவ்வளவு குறைவு என்பதைப் பற்றியது. தொலைநோக்கியையும் கேமராவையும் இணைக்கும் வளையங்களில் வரும் எம் 42 × 0.75 மரையை எடுத்துக்கொள்வோம். 42 மி.மீ. விட்டத்திற்கு வழக்கமான புரியிடைத் தூரம் 4.5 மி.மீ.; இங்கே 0.75 தான், ஆகவே இது ‘ஃபைன்’, அதாவது புரிகள் நெருங்கிய வகை. எம் 3 திருகாணியின் வழக்கமான புரியிடைத் தூரமோ 0.5 மி.மீ.; அது இதைவிடச் சிறியதாக இருந்தும், விட்டத்துக்கு வழக்கமான அளவு என்பதால், ‘கோர்ஸ்’ வகையில்தான் சேரும். இதை ‘நுண்மரை’, ‘பருமரை’ என்று பெயரிட்டால் படிக்கும் மாணவனுக்குத் தலைகீழாகவே புரியும். ‘நெருக்கமரை’, ‘அகலமரை’ என்பவை செவிக்கு அவ்வளவு இனிமையாக இல்லாவிட்டாலும் பொருளை நேராகச் சொல்கின்றன.

‘கருவி’ என்பதும் போதாது. துளைக்குள் திருகி இறக்கி உள்மரை வெட்டும் டேப்பும் கருவிதான். எம் 8 × 1 போன்ற சிறு துளைக்கு டேப் அடிப்பதே எளிது; 42 மி.மீ. மெல்லிய அலுமினிய வளையத்தில் அவ்வளவு பெரிய டேப்பை ஓட்டினால் பிடியிலேயே வளையம் நெளியலாம். அங்கே வேண்டுவது ஒருமுனை உள்மரை வெட்டுளி. அந்த வெட்டுளியின் முனையைப் பற்றிய பகுதியில்தான் மொழிபெயர்ப்பாளர்கள் உச்சத்தைத் தொடுகிறார்கள்: ‘முழு சுயவிவரச் செருகல்’, ‘பகுதி சுயவிவரச் செருகல்’. சுயவிவரம் என்பது வேலைக்கு விண்ணப்பிப்பவர் எழுதுவது. இங்கே சொல்ல வேண்டியது முனையின் வெட்டுருவத்தை. முழுவடிவ முனை, பகுதிவடிவ முனை என்றால் போதும்.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு காசு சம்பந்தப்பட்டது என்பதால் சொல் தெளிவாக இருந்தாக வேண்டும். பகுதிவடிவ முனையில் 0.5 முதல் 1.5 மி.மீ. வரையிலான எந்தப் புரியிடைத் தூரத்தையும் வெட்டலாம். ஆனால் அது மரையின் உச்சியைத் தொடாது, ஆகவே அந்த எம் 42 வளையத்தின் துளையை முன்கூட்டியே ஏறத்தாழ 41.19 மி.மீ. அளவில் சரியாகக் கடைந்திருக்க வேண்டும். அதன் நுனி மிகச் சிறிய புரிக்கேற்பக் கூர்மையாக இருப்பதால், 0.75 மரைக்குக் கணக்குப்படியான 0.41 மி.மீ. ஆழத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவும் இறங்க வேண்டிவரும். முழுவடிவ முனையோ உச்சியையும் சேர்த்தே சீவிவிடும், பிசிறும் மிஞ்சாது. ஆனால் ஒவ்வொரு புரியிடைத் தூரத்துக்கும் தனித்தனி முனை வாங்க வேண்டும். ஒரே ஒரு வளையம் செய்பவருக்குப் பகுதிவடிவமும் நூறு வளையம் செய்பவருக்கு முழுவடிவமும் பொருந்தும். நுண்ணோக்கிப் பொருளருகு வில்லைகளுக்கான பழைய பிரிட்டிஷ் மரையாக இருந்தால் கதை வேறு: அது அங்குலத்திற்கு 36 புரி, பள்ளத்தின் இரு சரிவுகளுக்கு இடையிலான கோணம் 55 பாகை, 60 பாகை மெட்ரிக் முனை அங்கே உதவாது.

ஆக, அந்தத் தலைப்பை ‘கடைசல் இயந்திரத்தில் நெருக்க உள்மரைக்கான வெட்டுளியைத் தேர்ந்தெடுத்தல்’ என்று எழுதலாம். ‘லேத்தில் ஃபைன் உள்மரை போட எந்த டூல்’ என்று எழுதினாலும் எனக்கு மறுப்பில்லை.