ஓடாத காருக்கு எதற்குப் புது பிரேக் ஆயில்?

பாலக்கோட்டு வாசகர் ஒருவரின் கேள்வி: "என் கார் பெரும்பாலும் ஷெட்டில்தான் நிற்கிறது. இரண்டு வருஷம் ஆகிவிட்டது, பிரேக் ஆயிலை மாற்றணும் என்கிறார் மெக்கானிக். ஓடாத வண்டிக்கு எதற்கு? காசு பறிக்கிறாரா?"

இல்லை. பிரேக் ஆயிலுக்கு கிலோமீட்டர் கணக்கைவிடக் காலண்டர் கணக்குதான் முக்கியம். ஷெட்டில் நிற்கும்போதும் அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கிறது.

பாஸ்கல் விதி பள்ளியிலேயே படித்ததுதான். பெடலை மிதித்தால் அழுத்தம் திரவம் வழியாகச் சக்கரத்துக்குப் போய், பேடை, அதாவது உரசுகட்டையை, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கோடு நெருக்குகிறது. திரவம் அமுங்காது என்பதால்தான் இது நடக்கிறது. உரசலில் வெப்பம் பிறக்கும். 1,000 கிலோ எடையுள்ள கார் பிரேக்கை மட்டும் நம்பி 100 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் 10 லட்சம் ஜூல். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கலுக்கு இறங்கும் உயரம் அதைவிட அதிகம்.

நம் கார்களில் ஊற்றும் டாட் 3, டாட் 4 என்ற தர வகை பிரேக் ஆயில்கள் எல்லாம் ஈரத்தை உறிஞ்சும் கிளைகால் ஈதர் வகை. ரப்பர் ஹோஸ் வழியாகவும் ஆயில் டப்பா மூடியின் காற்றுத்துளை வழியாகவும் ஈரம் உள்ளே வரும். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் அந்த வரம்பு 155தான். டாட் 3-க்கு 205, 140.

தண்ணீரை உறிஞ்சாத திரவமாகவே ஊற்றலாமே? ஈரம் எப்படியும் கொஞ்சம் நுழையும். கரைய வழியில்லாவிட்டால் அது தாழ்வான இடத்தில், அதாவது அதிகம் சூடாகிற காலிப்பரில் (பேடை நெருக்கும் பகுதியில்) போய்த் தேங்கும். அங்கே துருப்பிடிக்கும், 100 டிகிரியிலேயே கொதிக்கும். அதனால்தான் தண்ணீரைக் கரைத்துப் பரப்பிவிடும் திரவம்.

எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல்தான். பெடலை மிதித்திருக்கும்வரை உள்ளே அழுத்தம் அதிகம், எனவே கொதிநிலையும் அதிகம். குக்கருக்குள் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருப்பதுபோல. வளைவு முடிந்து காலை எடுக்கிறீர்கள். அழுத்தம் விழுகிறது, டிஸ்க்கின் சூடோ இன்னும் உள்ளே ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த இடைவெளியில் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகும். அடுத்த வளைவில் மிதித்தால், நீங்கள் தருகிற அழுத்தமெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். பெடல் தரைவரை போகும், வண்டி போய்க்கொண்டே இருக்கும்.

ஆறினால் ஆவி மறுபடி திரவமாகிவிடும். ஒகேனக்கல்லில் ஆயில் மசாஜ் எடுத்து, குளித்து, மீன் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் பெடல் நல்ல பிள்ளையாகியிருக்கும். மெக்கானிக் மிதித்துப் பார்த்தாலும் குறை தெரியாது. பேய்க்கதைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? தொப்பூர் கணவாயில் விபத்து நடந்தாலும் "அந்த இடமே சரியில்லை" என்பார்கள். இடம் சரியாகத்தான் இருக்கிறது, சரிவாகவும் இருக்கிறது. அங்கே உருளும் பெரிய லாரிகளுக்கு ஏர் பிரேக், அதாவது ஆயிலுக்குப் பதில் காற்றழுத்தம். ஆயில் கொதிக்கிற பிரச்சினை இல்லை. ஆனால் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கினால், இன்ஜின் இழுத்துப் பிடிக்கிற பிடி போய், மொத்தச் சூடும் பிரேக் தலையில்தான் விழும். காருக்கும் இதேதான். ஆயுத பூஜையில் எலுமிச்சம்பழம் நசுக்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அன்றைக்கே பிரேக் ஆயிலுக்கு எத்தனை வயது என்றும் பார்த்துவிடுங்கள்.

இறக்கத்தில் பெடல் தொய்ந்தால் தொடர்ந்து விட்டு விட்டு மிதியுங்கள், கியரைக் குறையுங்கள். ஹேண்ட்பிரேக் பெரும்பாலான கார்களில் தனிக் கேபிளில் வேலை செய்வது, மெதுவாக இழுக்கலாம்.

அப்புறம், டப்பாவில் அளவு குறைந்ததற்கு டாப்-அப் செய்வதை மாற்றியதாகக் கணக்கில் எடுக்காதீர்கள். பழையது முழுவதும் வெளியேறி, குழாயில் சிக்கிய ஏரையும் எடுத்து முடிக்க வேண்டும். கடையில் பாதி மீந்த பாட்டிலை மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். சீல் உடைந்த அன்றிலிருந்து அதுவும் ஈரம் குடித்துக்கொண்டுதான் இருக்கிறது.