நெடுந்தூர லாரி ஓட்டுநரின் வேலை நேரமும் ஓய்வும்: சட்டம் தரும் உரிமைகள்

சரக்கு லாரி ஓட்டுநர் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்வெடுக்க வேண்டும் என்பதையெல்லாம் 1961-ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றம் சட்டமாக இயற்றிவிட்டது. ஆனால் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களிலிருந்து வட மாநிலங்களுக்கு லோடு ஏற்றிச் செல்லும் ஓட்டுநர்கள் பலர் இப்படி ஒரு சட்டம் இருப்பதை அறியாமலே வாழ்நாள் முழுவதும் வண்டி ஓட்டி முடித்துவிடுகிறார்கள். தூக்கம் என்பது முதலாளி இரக்கப்பட்டுத் தரும் சலுகை என்றே லாரித் தொழிலில் பேசிப் பழகிவிட்டது. அது சட்டப்படியான உரிமை என்பதையும், அந்த உரிமையின் அளவு என்ன, எல்லை எது, 2025-ஆம் ஆண்டில் அதில் என்ன மாறியது என்பதையும் ஓட்டுநர்களும் அவர்கள் குடும்பத்தாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடிப்படைச் சட்டத்தின் பெயர் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்கள் சட்டம், 1961 (2025 நவம்பரில் ஒரு புதிய தொகுப்புச் சட்டம் இதைத் தனக்குள் எடுத்துக்கொண்டது; அந்த மாற்றங்களைப் பின்னால் பார்ப்போம்). அதன் 13-ஆவது பிரிவின்படி, வயது வந்த தொழிலாளி எவரையும் நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேலோ, வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக் கூடாது. நெடுந்தூர வழித்தடங்களுக்கு மட்டும், உரிய அதிகாரியின் ஒப்புதல் பெற்று, இதை நாளுக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம் வரை நீட்டலாம். வண்டி பழுதாகி நிற்பது, போக்குவரத்து தடைபடுவது, வெள்ளம் போன்ற இயற்கை இடர்கள் ஆகியவற்றுக்கு நிபந்தனைகளுடன் தனி விலக்கு உண்டு. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் யாரும் வேலை செய்யக் கூடாது. அதற்குள் குறைந்தது அரை மணி நேர இடைவேளை தரப்பட வேண்டும். ஒரு நாள் பணி முடிந்து மறுநாள் பணி தொடங்கும் வரை இடைவிடாத 9 மணி நேர ஓய்வு இருந்தாக வேண்டும். இடைவேளைகளையும் சேர்த்து ஒரு நாளின் பணி 12 மணி நேரத்துக்கு மேல் நீளக் கூடாது. ஏழு நாட்களில் ஒரு நாள் முழு விடுப்பு. போக்குவரத்து தடைபடாமல் இருப்பதற்காக அந்த விடுப்பு நாளிலும் வேலைக்கு அழைக்க நேர்ந்தாலும், பத்து நாட்களுக்கு மேல் ஒருவரைத் தொடர்ந்து வேலை வாங்க முடியாது. கூடுதல் நேர வேலைக்கு இரட்டிப்பு ஊதியம். கிளீனரும் இந்தச் சட்டத்தின்படி மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளிதான் என்பதால், இவை யாவும் அவருக்கும் பொருந்தும்.

பத்து மணி நேரம் என்றதும் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் நேரம் மட்டுமே கணக்கு என்று முதலாளிகளும் நினைக்கிறார்கள், ஓட்டுநர்களும் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தொழிலாளி முதலாளியின் ஏவலுக்குக் காத்திருக்கும் நேரமே வேலை நேரம் என்று அது தொடங்குகிறது. வண்டி ஓடும் நேரத்தோடு, சரக்கு ஏற்றி இறக்குவது, கணக்கு ஒப்படைப்பது, வண்டியைச் சரிபார்ப்பது, பழுது நீக்குவது போன்ற துணை வேலைகளையும் வேலை நேரமாகவே எண்ணுகிறது. ஆகவே காலை முழுவதும் ஆலையில் நின்று லோடு ஏற்றி, தார்ப்பாய் கட்டி, எடை மேடையில் எடை போட்டு, மாலையில் புறப்படும் ஓட்டுநர், வண்டி நகர்வதற்கு முன்பே தன் நாளின் பெரும்பகுதி வேலையைச் செய்து முடித்துவிட்டார். அன்றிரவே அவரை விடிய விடிய ஓட்டச் சொல்வது இந்தச் சட்டத்துக்கு எதிரானது. சரக்கு இறக்கும் இடத்தில் வெறுமனே காத்திருக்கும் நேரம் பற்றி மட்டும் சட்டம் கஞ்சத்தனமாக நடந்துகொள்கிறது: 15 நிமிடத்துக்குக் குறைவான காத்திருப்பைத்தான் அது பெயர் சொல்லி வேலை நேரத்தில் சேர்க்கிறது. கிடங்கு வாசலில் இரண்டு நாள் வரிசையில் நின்று, அழைப்பு வந்ததும் வண்டியை முன்னே நகர்த்த வேண்டியிருப்பதால் கண்ணயர முடியாமல் கிடப்பவரின் நிலையைச் சட்டத்தை எழுதியவர்கள் மனத்தில் கொள்ளவில்லை என்றே தோன்றுகிறது.

இந்த வரம்புகள் நடைமுறையில் என்ன பொருள் தருகின்றன என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாமக்கல்லில் இருந்து சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர் வழியாக 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் டெல்லிக்குச் சுமார் 2,400 கிலோமீட்டர். சுங்கச்சாவடி, சோதனை, நகர நெரிசல் எல்லாம் சேர்த்துச் சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்தால், 60 மணி நேர ஓட்டம். 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு வாரத்துக்கான உச்ச வரம்பே 54 மணி நேரம்தான். அதாவது, தனி ஓட்டுநர் ஒருவர் சட்டப்படி நடந்தால் ஒரே வாரத்துக்குள் டெல்லி போய்ச் சேரவே முடியாது. நான்கு நாளில் சேர்த்துவிடு என்று தனி ஓட்டுநரிடம் சொல்லி அனுப்பும்போது, நாளொன்றுக்கு 15 மணி நேரம் ஓட்டச் சொல்கிறோம் என்பதை அந்தச் சொல்லுக்கு உரியவர் உணர வேண்டும்.

இவ்வளவு அவசரம் அரசு ஆவணங்களால் வருவதும் இல்லை. சரக்கோடு போகும் ஜிஎஸ்டி இ-வே பில் (சரக்கை எடுத்துச் செல்வதற்கான மின்னணுச் சீட்டு), 2021 ஜனவரி முதல் சாதாரண சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் செல்லுபடியாகிறது. டெல்லி வரைக்கும் அது பன்னிரண்டு நாள் தருகிறது. வரிச் சட்டம் பன்னிரண்டு நாள் தரும் பயணத்துக்கு வாடகை பேசுபவர்கள் நான்கு நாள் தருகிறார்கள்.

முன்பு நேஷனல் பெர்மிட் (பல மாநிலங்களில் ஓட அனுமதி) பெற்ற வண்டிகளில் குறைந்தது இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும், ஒருவர் ஓட்டும்போது மற்றவர் படுத்துறங்க இருக்கைக்குப் பின்னால் இடம் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 90-ஆவது விதி கூறியது. 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இரண்டு ஓட்டுநர் என்ற கட்டாயம் எடுக்கப்பட்டது. ஓட்டுநர் கிடைப்பது அரிதாகிவிட்ட நிலையில் உரிமையாளர்கள் அதை வரவேற்றதைப் புரிந்துகொள்ள முடிகிறது. எனினும் கட்டாயம் போனதால் வேலை நேர வரம்பு போய்விடவில்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 91-ஆவது பிரிவு, போக்குவரத்து வாகனம் ஓட்டுபவரின் வேலை நேரம் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்று தெளிவாகக் கூறுகிறது. இரண்டாவது ஓட்டுநர் இல்லாவிட்டால் வண்டி அதிக நாள் எடுத்துக்கொள்ள வேண்டும். சட்டப்படி வேறு வழி கிடையாது.

இனி, இந்தச் சட்டம் யாருக்குப் பொருந்தும் என்ற கேள்விக்கு வருவோம். பலருடைய உரிமை நழுவுவது இந்த இடத்தில்தான். 1961-ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களை வைத்திருக்கும் போக்குவரத்து நிறுவனங்களுக்குப் பொருந்தியது. அதற்கும் குறைவானவர்களை வைத்திருப்போருக்கும் அறிவிக்கை மூலம் நீட்டிக்க மாநில அரசுக்கு அதிகாரம் இருந்தது. இரண்டு லாரி, இரண்டு ஓட்டுநர், இரண்டு கிளீனர், அலுவலகத்தில் கணக்கு எழுத ஒருவர் என்றாலே ஐந்து பேர் ஆகிவிடும். 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் ஒன்றான தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் தொகுப்புச் சட்டம், 2020, பழைய சட்டத்தைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. இந்தத் தொகுப்பில் மோட்டார் போக்குவரத்து நிறுவனத்துக்கான வரம்பு பத்து தொழிலாளர்கள். ஐந்து முதல் ஒன்பது பேர் வரை வேலை செய்யும் சிறு நிறுவனங்கள் இதனால் வெளியே நிற்கின்றன. லாரித் தொழிலின் பெரும்பகுதி சிறு உரிமையாளர்களின் கையில் இருக்கும் நாட்டில் இது சரியான முடிவு என்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

அதே தொகுப்பில் ஓட்டுநருக்குப் பயனுள்ள புதிய கூறுகளும் உள்ளன. நாளுக்கு 8 மணி நேர வரம்பும், வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்பதும், பத்து நாட்களுக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது என்பதும் தொடர்கின்றன. இடைவேளை, பணி நீளம் ஆகியவற்றின் நுணுக்கங்களை அரசு அறிவிக்கை மூலம் வகுக்க வேண்டும். ஓட்டுநரின் வேலை நேரத்தில் துணை வேலைகளும் அடங்கும் என்ற விளக்கம் அப்படியே இருக்கிறது. கூடுதல் நேர வேலைக்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும். ஊதியம் இரு மடங்கு. பழைய சட்டத்தில் ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்புக்கு 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும். இப்போது 180 நாள் போதும், அதில் 20 நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் விடுப்பு சேரும். எல்லாவற்றிலும் முக்கியமானது, ஒவ்வொரு தொழிலாளிக்கும் பணி நியமனக் கடிதம் தர வேண்டும் என்ற கட்டாயம். வாய்ப்பேச்சிலேயே வேலைக்குச் சேர்ந்து வாய்ப்பேச்சிலேயே நிறுத்தப்படும் தொழிலில், தான் இன்னாரிடம் வேலை செய்தேன் என்று காட்ட ஒரு தாள் கையில் இருப்பது, விபத்து நேர்ந்த பிறகு குடும்பத்தின் பிழைப்பையே தீர்மானிக்கும். தண்டனையும் மாறியிருக்கிறது: பழைய சட்டத்தில் விதிமீறலுக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் இருந்தன; புதிய தொகுப்பின் பொதுவான அபராதம் 2 லட்சம் முதல் 3 லட்சம் ரூபாய் வரை.

இந்த விதிகள் ஏட்டளவிலேயே நிற்பதை உச்ச நீதிமன்றமும் கவனித்திருக்கிறது. கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 ஏப்ரல் மாதம் நீதிமன்றம் ஓட்டுநர் வேலை நேரப் பிரச்சினையை எடுத்துக்கொண்டு, 91-ஆவது பிரிவைச் செயல்படுத்தும் வழிமுறைகளை வகுக்க மாநிலங்களின் துறைகளுடன் கூட்டங்கள் நடத்துமாறு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. தூக்கக் கலக்கத்தில் விபத்து நேர்ந்தால், அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாக, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவில் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனையை எதிர்கொள்பவர் ஓட்டுநர்தான். அவரை அந்த நிலைக்குத் தள்ளிய பயண அட்டவணை வழக்கில் இடம்பெறுவதே இல்லை. அட்டவணை போட்டவரையும் கேள்வி கேட்கும் சட்டமாக வேலை நேரச் சட்டம் இருப்பதால்தான் அதற்கு இத்தனை முக்கியத்துவம் தர வேண்டியிருக்கிறது.

ஓய்வோடு சேர்ந்த இன்னொரு விதி கேபின் குளிர்சாதனம். 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும், மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களின் ஓட்டுநர் கேபினில் ஏசி இருக்க வேண்டும். என்-2, என்-3 என்று விதியில் குறிப்பிடப்படும் பிரிவுகள் இவைதான். அதற்கு முன் தயாரான வண்டிகளை இது கட்டுப்படுத்தாது. மே மாதத்தில் தெலங்கானாவையும் விதர்பாவையும் கடந்து போகும் வண்டியில், இன்ஜின் சூடும் வெயிலும் சேரும் கேபினுக்குள் பகலில் தூங்கி எழுவது என்பது பெயரளவுக்கான ஓய்வுதான். எனவே இதை வசதி என்று பார்க்காமல் பாதுகாப்பு ஏற்பாடு என்றே பார்க்க வேண்டும். வெளியே தங்க விரும்புவோருக்கு, பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்குகளில் சிலவற்றில் ‘அப்னா கர்’ என்ற பெயரில் படுக்கை, குளியலறை, சமையல் செய்ய இடம் ஆகியவற்றுடன் ஓட்டுநர் தங்குமிடங்களை நடத்துகின்றன.

உரிமையைக் கேட்க வேண்டிய இடம் தொழிலாளர் துறை. தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் தரலாம். பெரும்பாலான ஓட்டுநர்களுக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று இல்லாமல், டிரிப்புக்கு இவ்வளவு, கிலோமீட்டருக்கு இவ்வளவு பேட்டா என்று கிடைப்பதால், எத்தனை மணி நேரம் வேலை நடந்தது என்பதை நிரூபிப்பதே கடினமான பகுதி. அதற்கான சான்றுகள் பயணத்திலேயே உருவாகின்றன. இ-வே பில், எடை மேடைச் சீட்டு, லோடு ஏற்றிய இடத்தின் கேட் பாஸ், டீசல் பில், டிரிப் ஷீட் ஆகிய எல்லாவற்றிலும் நாளும் பெரும்பாலும் நேரமும் இருக்கின்றன. அவற்றைக் கணக்கோடு அலுவலகத்தில் ஒப்படைக்கும் முன் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஃபாஸ்டேக் பதிவும் ஜிபிஎஸ் பதிவும் உரிமையாளரிடம் இருந்தாலும், புகாரை விசாரிக்கும் அதிகாரியிடம் அவற்றை வரவழைக்குமாறு மனுவிலேயே கோரலாம்.

பத்துக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் இடத்தில் இருப்பவர்கள் தமிழ்நாடு அமைப்புசாரா ஓட்டுநர்கள் மற்றும் தானியங்கி மோட்டார் வாகனங்கள் பழுது பார்க்கும் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிந்துகொள்ளலாம். வயது 18 முதல் 60 வரை இருக்க வேண்டும். பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வாரியம் வேலை நேரத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பிள்ளைகளின் கல்விக்கும் திருமணத்துக்கும் உதவி, விபத்து மரணத்துக்கும் இயற்கை மரணத்துக்கும் நிதி, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் ஆகியவை அதன் வழியே கிடைக்கும். ஓட்டுநர் பாதி மாதம் வெளி மாநிலத்தில் இருப்பதால் புதுப்பிக்கும் நாள் தவறிப்போவது வழக்கமாக நடக்கிறது. பதிவு அட்டையின் படியையும் காலாவதி நாளையும் வீட்டில் உள்ளவர்களிடம் கொடுத்து வைப்பது நல்லது.